யார் விளக்கு முதலில் எரிந்தது?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கேபிள் இழுக்கவும் கம்பம் நடவும் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதை நான் எழுத வேண்டியதில்லை. மேல்படிப்புக்காக அடுத்த மாதம் களத்தை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறுகிற வயது எனக்கு ஆகவில்லை. ஆனாலும் போகிறவர்கள் வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போவது நம் விளக்குக் குழுவில் வழக்கம். எனக்கு முன்னால் போனவர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: "மழை வந்தா மொதல்ல ஆளைப் பாரு, அப்புறம் லைட்டைப் பாரு." எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது. ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் தரகு. அம்மா களையெடுப்புக்குப் போவார். நான் மின்னியல் படித்துத் தேறிய அன்று அப்பா சந்தையில் நின்ற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். என்ன விசேஷம், மாடு கன்று போட்டதா என்று கேட்டவர்களிடம், "எம்மக. எங்க வம்சத்துலயே மொத ஆளு" என்றாராம். அந்தப் பெருமையில் பாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதை மறைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நாம் செய்த வேலையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது அது இல்லை. நாகமலைக்கு மேற்கே, பேருந்து அபூர்வமாக வரும் ஓரிடத்தில், ஒரு கண்மாயில் நடந்தது. அந்த ஆண்டு மழை தாராளமாகப் பெய்து கண்மாய் நிறைந்திருந்தது. கிழக்கே கீழப்பட்டி, மேற்கே மேலப்பட்டி, தெற்கே மாதா கோயிலும் நாலைந்து தெருக்களும் கொண்ட சவேரியார்புரம். மூன்று ஊருக்கும் ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சுற்றி ஒரு பெரிய வெளிச்ச வரிசை போடுவதுதான் வேலை. அழைப்பிதழில் 'நம்பிக்கையின் ஒளி, ஒற்றுமையின் ஒளி' என்று அச்சடித்திருந்தார்கள். அழைப்பிதழில் ஒற்றுமை என்று அழுத்திப் போட்டிருந்தால் அந்த ஊரில் சண்டை இருக்கிறது என்று பொருள். இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையை வடிவமைத்தவர் சென்னையிலிருந்து வந்த கலைஞர். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவருடைய எண்ணம் எளிமையானது, அழகானது. மூன்று ஊரிலும் வீட்டுக்கு ஒரு பழைய சேலை. அந்தச் சேலையை மூங்கில் கூட்டின்மேல் சுற்றி, உள்ளே சூடாகாத ஒரு பல்பு. கண்மாயைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு, கம்பத்துக்கு ஒரு கூடு. பொழுது சாயும்போது ஒரு முனையில் வெளிச்சம் தொடங்கி, விளக்கிலிருந்து விளக்குக்குத் தாவி, தண்ணீரைச் சுற்றிப் போய் மறு முனையைச் சேரும். கையிலிருந்து கைக்கு நம்பிக்கை போவது போல என்பார் மேடம். அவர் அதைச் சொல்லும்போது கைகளும் கூடவே நகரும்.

சேலை வாங்கப் போன நாட்கள் எனக்கு இன்னும் கனவு மாதிரி இருக்கின்றன. மார்கழித் தொடக்கம். காலையில் பனி தண்ணீரின்மேல் படுத்திருக்கும். பனிக்குள்ளிருந்து ஒரு கோலம், ஒரு மாட்டின் கொம்பு, தோளில் துண்டைப் போர்த்திய ஓர் ஆள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கதவைத் தட்டினால் பெண்கள் சேலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சும்மா போகமாட்டார்கள். விரித்துக் காட்டுவார்கள். இந்தக் கறை மூத்தவன் கொட்டிய மை, இந்தக் கிழிசல் பஸ்ஸில் மாட்டியது என்று சொல்வார்கள். நான் அன்றுவரை வெளிச்சம் என்றால் வாட்டும் ஆம்பியரும் என்றுதான் படித்திருந்தேன்.

மேலப்பட்டியில் பேச்சியம்மாள் என்பவர் கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றைக் கொடுத்தார். பழைய சேலை போலவே இல்லை. மடிப்புக் கலையாமல் இருந்தது. நல்ல சேலையாக இருக்கிறதே என்றேன். தலைப்பிள்ளை பிறந்தபோது அவருடைய அண்ணன் எடுத்துவந்தது என்றார். அண்ணன் யார் என்று கேட்டேன். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

கீழப்பட்டி காசிமாயன்தான் அந்த அண்ணன். பேச்சியம்மாளின் கணவர் மேலப்பட்டி ஒச்சப்பன். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு காலத்தில் ஒரே வண்டியில் சந்தைக்குப் போனவர்கள். கண்மாய்க்கரைச் சாமிக்குப் பொங்கல் வைக்கும் திருவிழாவில் முதல் மரியாதை எந்த ஊருக்கு என்பதில் ஒரு வருடம் தகராறு வந்தது. இரண்டு ஊர்க்காரர்களையும் விலக்கிவிடப் போன இவர்கள் இருவருமே கடைசியில் ஆளுக்கொரு பக்கம் நின்று பேசிவிட்டார்கள். திருவிழா நின்றது. இவர்கள் பேச்சும் நின்றது. மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் வரவில்லை. இப்போது தையில் அந்த மகளுக்குக் கல்யாணம்.

"தாய்மாமன் இல்லாம எப்பிடித்தா எம்மகளை மணவறையில ஒக்கார வைப்பேன்?" என்றார் பேச்சியம்மாள். "அழைக்க இவரு போக மாட்டாரு. அழைக்காம அவரு வர மாட்டாரு. இந்த வெளக்குக்காவது ரெண்டு பேரும் ஒரு கரையில வந்து நிக்கட்டும்."

சேலையை நானே மடித்துத் தனியாக எடுத்துவந்தேன்.

விழாவுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். ஜெனரேட்டர் வண்டி போகிற அளவுக்குப் பாதை கீழப்பட்டி வரைதான் இருந்தது. அதனால் வண்டி அங்கே நின்றது, வெளிச்சமும் அங்கே தொடங்கியது. கீழப்பட்டிக் கரையில் ஒரு மஞ்சள் சேலை மெதுவாகப் பூத்தது. அடுத்து ஒரு பச்சை. பிறகு அது நடக்க ஆரம்பித்தது. கரை நெடுக நடந்து, மாதா கோயிலைக் கடந்து, தண்ணீரில் இன்னொரு வரிசையையும் கூட்டிக்கொண்டு போய், கடைசியாக மேலப்பட்டியில் முடிந்தது. நாங்கள் கைதட்டினோம். மேற்குக் கரையில் யாரும் தட்டவில்லை. தூரம் என்பதால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் நாலரை மணி வாக்கில் ஒரு கூடு சாய்ந்திருக்கிறது என்று மேற்குக் கரைக்குப் போனேன். கம்பத்துக்கு ஓர் ஆளாகக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கையில் கடப்பாரை. ஒச்சப்பன் எழுந்து வந்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வா தாயி. எங்க கம்பத்தை நாங்களே புடுங்கித் தாரோம். வயரை மட்டும் நீங்க சுருட்டிக்கங்க."

"என்னண்ணே ஆச்சு?"

"நேத்துப் பாத்தோம்ல. கீழப்பட்டியான் வாசல்ல பொறப்பட்டு, ஊரெல்லாம் சுத்தி, பந்தியில கடைசி எலைக்குச் சோறு வர்ற மாதிரி எங்ககிட்ட வருது. எங்களுக்கு அந்தப் பசி இல்ல தாயி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து வெளிச்சம் தொடங்கியது என்பது எங்கள் கணக்கு. முதல் மரியாதை கீழப்பட்டிக்குப் போய்விட்டது என்பது அவர்கள் கண்ணில் பட்டது. இரண்டுமே உண்மை.

அதற்கடுத்த ஒரு மணி நேரம் நான் கரையில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். மேற்கிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கக் கீழப்பட்டிக்குப் போனேன். காசிமாயன் ஜெனரேட்டர் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குச் செய்தி வந்திருந்தது. "மாப்ளைக்கு அம்புட்டு ஆசைன்னா அவரு வீட்டு அடுப்புலருந்து ஆரம்பிக்கச் சொல்லு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். சவேரியார்புரத்திலிருந்து தொடங்கலாம் என்றால் அங்கே மாதா கோயில் உபதேசியார் கைகூப்பினார். "எங்களை விட்டுருங்கம்மா. நடுவுல நிக்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் அடி விழும்." எல்லா விளக்கையும் ஒரே நொடியில் போட்டுவிடலாமா என்று ஜெனரேட்டர் பார்க்கும் பாண்டி அண்ணனிடம் கேட்டேன். அத்தனையையும் ஒரே அமுக்காகப் போட்டால் பிரேக்கர் விழுந்து மொத்தமும் இருட்டாகிவிடும் என்றார். அவர் சொன்னது சரி. நானும் அதைத்தான் படித்திருந்தேன்.

விழாவை நடத்த வந்திருந்த அரசு அதிகாரி பொறுமையான மனிதர். ஆனால் அவருக்கும் வேறு வழி தோன்றவில்லை. நாலு போலீஸ்காரர்களை மேற்குக் கரையில் நிறுத்திவிட்டு நடத்திவிடலாம் என்றார். போலீஸ் காவலில் எரிகிற ஒற்றுமை விளக்கை நினைத்துப் பார்த்தேன். அது எரியும், படமும் நன்றாக வரும். தையில் பேச்சியம்மாள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்.

மேடம் மடித்த நாற்காலிமேல் கையை ஊன்றி நின்றார். "வெளிச்சத்துக்கு ஏதுங்க முதல், கடைசி? சின்னப்பிள்ளைத்தனமா இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மேடத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் என்பதன் ருசி எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எனக்கு அப்புறம் பல பிள்ளைகள் படித்துவிட்டார்கள், என்னைவிட நன்றாகவே. இருந்தாலும் முதலில் போனது யார் என்று யாராவது கேட்டால் என் முதுகு தானாக நிமிரும். எனக்கு அது சின்ன விஷயம் இல்லையென்றால் ஒச்சப்பனுக்கு மட்டும் எப்படிச் சின்ன விஷயமாகும்? ஓர் ஊர் எதைக் காவல் காக்கிறதோ அதை அற்பம் என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் நீங்கள் ஒரு கம்பம்கூட நட முடியாது. அவர்களிடம் முதல் மரியாதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு ஏதாவதுதான் செய்ய வேண்டும்.

திரும்ப மேற்குக் கரைக்கு வந்தபோது கடப்பாரைகள் நிமிர்ந்திருந்தன. முதல் கம்பம் பேச்சியம்மாளுடையது. அவர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தள்ளு" என்றார் ஒச்சப்பன்.

"கம்பம் ஒங்க ஊரோடது. சேலை எங்கண்ணன் எடுத்தது. நாந்தான் கழட்டணும். பொறு."

கழற்றத் தொடங்கினார். இவ்வளவு மெதுவாக ஒரு முடிச்சை யாரும் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. அவிழ்த்த முடிச்சை இன்னொரு தடவை போட்டு, மறுபடி அவிழ்த்தார். ஒச்சப்பன் பார்த்துக்கொண்டேதான் நின்றார். அவசரப்படுத்தவில்லை. இந்த மனிதருக்கும் பிடுங்க மனமில்லை, பிடுங்காமல் இருக்க ஒரு வழிதான் வேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

நான் கலுங்குப் பக்கம் போய் உட்கார்ந்தேன். கண்மாய் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் வழிகிற கல்கட்டு அது. தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. மலை நீலமாகி, பிறகு மலை என்ற அடையாளமே போய்ப் புகை மாதிரி ஆகியிருந்தது. கொக்குகள் எங்கிருந்தோ வந்து கருவேல மரங்களில் உட்கார, மரங்கள் வெள்ளையாகப் பூத்தது போலிருந்தது. நான் சும்மா கரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவேரியார்புரத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. கொஞ்சம் கழித்துக் கீழப்பட்டியில் ஒன்று. மேலப்பட்டியில் சேர்ந்தாற்போல் இரண்டு. மறுபடி கீழப்பட்டியில், வேறொரு மூலையில். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று ஊரிலும் விளக்குகள் எரிந்தன. எந்த வீட்டில் முதலில் போட்டார்கள் என்று எந்த நாளும் எவரும் கேட்டதில்லை.

எழுந்து ஓடினேன்.

மேடத்திடம் சொன்னேன்: வரிசை வேண்டாம். கம்பங்களின் எண்களைக் கலைத்துவிடுவோம். எங்கே, எப்போது எரியும் என்று இயந்திரமே குலுக்கி எடுக்கட்டும். ஒவ்வொன்றாக எரிவதால் பிரேக்கரும் தாங்கும். வரிசைதான் அவருடைய படைப்பு. கையிலிருந்து கைக்கு என்று இரண்டு ஆண்டுகளாக மனதில் வைத்திருந்ததை ஒரு சாயங்காலத்தில் விட்டுவிடச் சொல்கிறேன்.

"அப்போ இது நான் நினைச்சது இல்லையே" என்றார்.

"இல்லைங்க மேடம். ஆனா அவங்க சேலையில விளக்கு எரியும்."

அவர் நாற்காலியை விரித்து உட்கார்ந்து, மடிக்கணினியைத் தானே திறந்தார். உங்களுக்குத் தெரியட்டும், அன்று நான் பார்த்ததிலேயே துணிச்சலான வேலை அதுதான்.

ஒச்சப்பனிடம் ஒற்றுமை, நம்பிக்கை என்றெல்லாம் நான் பேசவில்லை. யார் முதல் என்று எனக்கே தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஒனக்குத் தெரியாட்டி மிஷினுக்குத் தெரியும்ல?"

"மிஷினு சீட்டுக் குலுக்குற மாதிரி எடுக்கும்ணே. யாரு பேரு வரும்னு அதுக்கும் முன்னாடித் தெரியாது."

அவர் யோசித்தார். "சாமி முன்னாடிப் பூக்கட்டிப் பாக்குற மாதிரியா?"

சந்நிதியில் இரண்டு பூப்பொட்டலங்களைப் போட்டு ஒன்றை எடுத்து, எந்தப் பூ வருகிறதோ அதைச் சாமி சொன்னதாக ஏற்றுக்கொள்கிற வழக்கத்தைத்தான் சொன்னார். நான் ஆமாம் என்றேன்.

"பூவுல எது வந்தாலும் ஏத்துக்கத்தான் வேணும்" என்றார் ஒச்சப்பன். கடப்பாரைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். "என்னடா பாத்துக்கிட்டு? கம்பத்தை நேரா நிறுத்துங்கடா, சாஞ்சு கெடக்கு." பேச்சியம்மாள் அவிழ்த்ததைவிடப் பத்து மடங்கு வேகமாக முடிச்சைப் போட்டார்.

காசிமாயனிடமும் பூ என்ற சொல்லையே சொன்னேன். அவர் வண்டியின் முன்னாலிருந்தவர்களை விலகச் சொன்னார். பொத்தானை அழுத்துவது யார் என்று அடுத்த கேள்வி வரும் முன், தனக்கு வேண்டாம் என்று அதிகாரி முந்திக்கொண்டார். மேடமே அழுத்தினார்.

முதலில் ஒன்றுமில்லை. தண்ணீரும் இருட்டும் மூன்று ஊர் மூச்சும்தான். பிறகு எங்கோ ஒரு சேலை. எங்கே என்று கண் தேடுவதற்குள் வேறெங்கோ இன்னொன்று. தூறல் விழுவது போல, ஒரு சொட்டு இங்கே, ஒரு சொட்டு அங்கே. நீலம், குங்குமம், வெளிறிப்போன ரோஜா, மை கொட்டிய வெள்ளை. ஒவ்வொன்றும் தண்ணீருக்குள்ளும் ஒன்று பூத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூறல் வலுத்தது. எது கரை, எது தண்ணீர், எது வானம் என்று தெரியாமல் போனது. நான் பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றிருந்தேன். அவருடைய கத்தரிப்பூச் சேலையில் வெளிச்சம் வந்தபோது அவர், அந்தச் சேலையை உடுத்தியிருந்த காலத்தில் முந்தானையைச் சரிசெய்வாரே, அப்படித் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சனங்கள் தங்கள் சேலையை விட்டு மற்ற சேலைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். கீழப்பட்டிக்காரர்கள் தெற்கு வழியாக நடந்து வந்தார்கள். மேலப்பட்டிக்காரர்கள் அதே வழியாக எதிரே போனார்கள். கலுங்குப் பக்கம் பாதை குறுகல். அங்கே காசிமாயனும் ஒச்சப்பனும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். விலகிப் போக இடமில்லை.

காசிமாயன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "மொதல்ல எரிஞ்சது எங்க கரைதான்."

"எந்தக் கரை?" என்றார் ஒச்சப்பன், அவரும் தண்ணீரைப் பார்த்தபடி. "எங்க சுப்பக்கா சேலைதான் மொத வெளக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"ஒம்ம கண்ணு சந்தையிலயே பல்லு போன மாட்டை எளங்கன்னுன்னு சொன்ன கண்ணுதான மாப்ள?"

"அந்த மாட்டை ஓட்டிட்டு வந்தது யாரு மச்சான்? நீரா, நானா?"

குரல் ஏறியது. ஆட்கள் கூடினார்கள். கூடியவர்களும் ஆளுக்கொரு விளக்கைச் சொன்னார்கள். எல்லோரும் தங்கள் வீட்டுச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல. எல்லோருக்கும் அதுதான் முதலில் எரிந்திருக்கிறது. இத்தனை பாடுபட்டும் மறுபடியும் அதே இடத்துக்கா என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் நடுவே போய் நிற்க ஓர் அடி எடுத்து வைத்தேன்.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் முகத்தில் அத்தனை சேலைகளின் நிறமும் இருந்தது.

"விடு தாயி," என்றார். "பேசுறாக."